தலைப்புப் போட்டவர் வீடு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் போர்டிங் இருந்த வீட்டில் எங்கள் மதியச் சாப்பாட்டைப் பழைய பேப்பரில்தான் சுற்றித் தருவார்கள். சுற்றுவதற்கு முன் வீட்டுக்கார அன்ரி தாளை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, அதிலிருக்கும் பெரிய தலைப்பை உரத்து வாசிப்பார். வாசித்துவிட்டு, அந்தத் தலைப்பு வந்த பிறகு நாட்டில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்குவார்.

"பாண் தட்டுப்பாடு முற்றாக நீங்கியது," என்று ஒரு நாள் வாசித்தார். "ஓம், நீங்கினதுதான். அடுத்த நாள் விடிய எழும்பிப் பாத்தால் பேக்கரி கொள்ளாமல் கொட்டாஞ்சேனை முழுக்கப் பாண். றோட்டிலை பாண், ஊத்தைத் தண்ணி ஓடுற கானுக்குள்ள பாண். வழுக்கி விழுந்த சனமும் பாணுக்கு மேலதான் விழுந்தது. இந்த மனுசன் மட்டும் வெறுங்கையோட வந்து நிண்டார். ஏனெண்டு கேட்டன். கியூ நீளம் எண்டார்."

நானும் மற்றப் போர்டிங் பிள்ளையும் சிரித்தோம். 'இந்த மனுசன்' என்று சொல்லப்பட்டவர் அதே மேசையின் மறுமுனையில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

அவர் அன்ரியின் கணவர். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்திகளுக்குத் தலைப்புப் போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த ஆள். கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அதை நூலால் கட்டியிருந்தார். கடலை சுற்றி வந்த தாள் என்றாலும் எழுத்துப் பிழை கண்டால் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் எறிவார். நாங்கள் அவரை அங்கிள் என்று கூப்பிட்டோம். அன்ரி எடுத்து வாசித்த தலைப்புகளில் பெரும்பாலானவை அவர் போட்டவை. எப்போதாவது அவர், "அது நான் போட்டதில்லை, மற்ற ஷிப்ட்" என்று முணுமுணுப்பார். அதற்கும் அன்ரியிடம் பதில் இருக்கும். "ஓமோம். விடிஞ்சால் பொழுதுபட்டால் பொய் சொல்ல ஷிப்ட் போட்டெல்லோ வேலை செய்தவை."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோட்டைப் பகுதியில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்தேன். மற்றப் பிள்ளை ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து புடவைக் கடையில் நின்றாள். இரண்டு பேருக்கும் ஒரு அறை. பொலிஸ் பதிவுத் துண்டை அன்ரி கதவுக்குப் பின்னால் ஆணியில் குத்தி வைத்திருந்தார். ஆமி வந்து தட்டினால் ஐடென்டிகார்டையும் அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கடவுச்சீட்டு எடுக்க, காணாமல்போனவனைத் தேட, பிடிபட்டவனைப் பிணையில் எடுக்க என்று யாழ்ப்பாணத்து ஆட்கள் அந்தக் குறுகிய ஒழுங்கை முழுவதும் வந்து வந்து போனார்கள். அந்த வீட்டில் காலையில் சிரிப்பு இருந்தது என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஊருக்குக் கடிதம் எழுதும்போது அன்ரியின் பகிடிகளையும் எழுதி அனுப்பினேன்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. "இனப்பிரச்சினைக்கு இரு வாரங்களில் தீர்வு" என்று ஒரு தாள். அன்ரி சோற்றுப் பொட்டலத்தைத் தாளின் நடுவில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"சும்மா சொல்லக்கூடாது பிள்ளையள், தீர்வு வந்தது. படியேறி வந்து இந்தக் கதவைத்தான் தட்டிச்சுது. ஆரெண்டு கேட்டன். தீர்வு எண்டுது. ஐடென்டிகார்ட் இருக்கோ எண்டன், இல்லை. பொலிஸில பதிஞ்சிருக்கோ எண்டன், அதும் இல்லை. இந்தக் காலத்தில பதிவில்லாததை வீட்டுக்குள்ள வைச்சிருக்கேலுமோ? திருப்பி அனுப்பிப்போட்டன்."

ஹட்டன் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போதும் ஆன்ட்டி, வயிறு வலிக்குது." செய்தித் தணிக்கை நடந்த காலத்துத் தாள் ஒன்றும் ஒரு நாள் வந்தது. தலைப்பு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. அன்ரி அதைக் கையில் தூக்கி எங்கள் இருவருக்கும் காட்டினார். "இவர் போட்டதுகளுக்குள்ள பிழையில்லாதது இது ஒண்டுதான்."

அங்கிள் கையைக் கழுவ எழுந்து போனார்.

அன்ரியின் வாய்க்கு ஆள் வித்தியாசம் கிடையாது என்பது மெல்ல மெல்லத்தான் எனக்குப் புரிந்தது. "வெளிநாட்டு மாப்பிள்ளைகள் மோசடி, பெற்றோர் விழிப்பு" என்று ஒரு தாள் வந்த அன்று என்னைப் பார்த்தார்.

"அதை வாசிச்சுத்தான் இந்தப் பிள்ளையின்ர தாய் தேப்பன் முழிச்சவை. முழிச்சவை முழிச்சபடியே இருக்கினம். மாப்பிள்ளை வந்தால் உடுப்பமெண்டு இவளும் ஒரு கூறைச்சீலை வாங்கிப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறாள். கரப்பான் பூச்சி உடுத்துப் பாத்திட்டுது."

என் பெட்டியில் சிவப்புக் கூறைச்சீலை ஒன்று இருந்தது உண்மை. கனடாவில் இருந்த ஒருவனுக்குப் பேசி, அம்மா வாங்கி அனுப்பியது. அவனிடமிருந்து கடிதம் வருவது நின்று நெடுநாளாயிற்று. பெட்டியை நான் பூட்டுவதில்லை. அன்ரி அதைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பதைவிட, நான் அந்தச் சீலைக்குப் பூச்சி மருந்து போட மறந்திருந்தேன் என்பதுதான் அப்போது எனக்குச் சுட்டது. மத்தியானம் கந்தோரில் பொட்டலத்தைப் பிரித்தபோது அந்தத் தலைப்பு மறுபடி என்னைப் பார்த்தது. குழம்பு ஊறி 'விழிப்பு' என்ற சொல் மஞ்சளாகியிருந்தது.

அதற்குச் சில நாள் கழித்து ஹட்டன் பிள்ளையின் முறை வந்தது. அவளுடைய வீடு தோட்டத்து லயனில், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை அறைகளில் ஒன்று. "தோட்ட லயன்கள் அனைத்துக்கும் மின்சாரம்."

"கரண்ட் வந்தது," என்றார் அன்ரி. "லைற்றைப் போட்டுச் சனம் தங்கட வீட்டைச் சுத்திவரப் பாத்துது. உள்ளுக்கு ஒண்டுமில்லை எண்டு அப்பதான் தெரிஞ்சுது. உடன எல்லாரும் சேர்ந்து மனுக் குடுத்தவை, கரண்டை வெட்டச் சொல்லி."

அவள் பழக்கத்தில் சிரித்துவிட்டாள். சிரித்து முடிந்த பிறகு முகம் மாறியது.

"எங்க வீட்ல நெசமாவே லைட் இல்ல ஆன்ட்டி. அம்மா இன்னமும் குப்பி வெளக்குதான் வச்சிருக்கு."

"நான் என்ன, இருக்கெண்டோ சொன்னனான்?" என்றார் அன்ரி.

அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். நான் அவளுக்குப் பின்னால் போகாமல் குசினிக்குள் போனேன். எனக்குக் கோபம். அவளுக்காக என்று நினைத்துக்கொண்டேன். கூறைச்சீலையும் அதற்குள் இருந்திருக்கும்.

"அன்ரி, எங்களை விடுங்கோ. அங்கிள் பாவம். ஒவ்வொரு நாளும் அவரை இப்பிடி வாட்டினால் எப்பிடி?"

அன்ரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்தவில்லை.

"பாவமோ? அப்ப கேள். எனக்கு ஒரு தம்பி இருந்தவன்."

தம்பிக்கு வத்தளையில் ஒரு தொழிற்சாலையில் கிளார்க் வேலை. எண்பத்து மூன்றாம் ஆண்டு கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த நாட்களில், கூட வேலை செய்த சிங்களவர் ஒருவர் அவனைத் தன் வீட்டின் பின்னறையில் வைத்துக் காப்பாற்றினார். அங்கிள் அந்த நாட்களில் வீட்டுக்கு வர முடியாமல் பத்திரிகைக் கந்தோருக்குள்ளேயே படுத்திருந்தார். அன்ரி ஒரு கோயில் மடத்தில். யார் எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

"ஊரடங்குக்குள்ளயும் ஒரு பேப்பர் அடிச்சவை. அரசாங்கம் அனுப்பின செய்தி. கொழும்பில் நிலைமை கட்டுப்பாட்டில் எண்டு. அதைத்தான் தலைப்பாப் போட வேணும். இவர் போட்டுப் பாத்தார். 'கட்டுப்பாட்டில்' நீளமான சொல்லு, பத்தியின்ர அகலத்துக்குள்ள அடங்கேல்லை. எழுத்தைச் சின்னனாக்கினால் வடிவில்லையாம். அதால 'சுமுகம்' எண்டு போட்டார். நாலெழுத்தெல்லோ. வடிவா அடங்கிச்சுது."

அந்தச் சிங்களவர் பேப்பரை வாங்கிக்கொண்டு போய்த் தம்பியிடம் கொடுத்திருக்கிறார். 'கொழும்பில் நிலைமை சுமுகம்.' தம்பி வாசித்துவிட்டு, அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டான். அவர் மறித்தும் கேட்கவில்லை. பேப்பரில் அத்தான் போட்டிருக்கிறார், அவர் பொய் எழுத மாட்டார் என்றானாம். வத்தளையிலிருந்து வருகிற வழியில் களனிப் பாலம் வரை அவனைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருவரும் காணவில்லை.

"கட்டுப்பாட்டில் எண்டு போட்டிருந்தால் அவன் வெளிக்கிட்டிருக்க மாட்டான்," என்றார் அன்ரி. "அவனுக்குத் தமிழ் தெரியும்."

தேங்காய்ப் பாதி வெறும் சிரட்டையாகும் வரை துருவிவிட்டு மறுபாதியை எடுத்தார். அன்றிலிருந்து காலை மேசையில் நான் சிரிப்பைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் அன்ரி சொல்லுகிற விதம் அப்படி. சில நாட்களில் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிடும். வந்த பிறகு அங்கிளைப் பார்ப்பேன். அவர் புட்டை விரலால் உதிர்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து வரும்போது, மழைக்குப் பழைய போத்தல் பேப்பர் வாங்குகிற கடையொன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். வாசலில் அங்கிளின் குடை சாத்தியிருந்தது. கடைக்கார முஸ்லிம் நானா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க தங்கச்சி. ஒங்கட சேர் உள்ளுக்குத்தான் ஈக்கிறார். சனிக்கிழமண்டா வந்துருவார். கட்டெல்லாம் அவுத்துப் பாத்துட்டுத்தான் போவார்."

உள்ளே பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவில் அங்கிள் குந்தியிருந்தார். ஒவ்வொரு தாளாகத் தேதியைப் பார்த்து இரண்டு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருகிற பழைய பேப்பர் எங்கிருந்து வருகிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அவரேதான் தன் காலத்துத் தாள்களைத் தேடி வாங்கிக்கொண்டு போய்க் குசினியில் வைக்கிறார்.

"ஏன் அங்கிள்? இதை வைச்சுத்தானே அன்ரி உங்களை..."

"அந்த ஒரு பேப்பர் இதுக்குள்ள எங்கையும் கிடக்கும் பிள்ளை. அது வீட்டை வந்திடக்கூடாது. அதுக்குத்தான் நானே வந்து பாத்து எடுக்கிறனான்."

"அப்ப சிங்களப் பேப்பரை வாங்கிக் குடுக்கலாமே. அன்ரிக்கு வாசிக்கத் தெரியாதெல்லோ."

அவர் கண்ணாடியைக் கழற்றி, உடுத்தியிருந்த சறத்தில் துடைத்தார். "குடுக்கலாம். ஆனால் சாப்பாடு கட்டேக்க மட்டும்தான் அவ என்னைப் பற்றி ஏதும் கதைக்கிறவ. மற்ற நேரம் வீட்டில என்ர பேச்சே இல்லை."

மழை விட்டது. கட்டை அவர் தூக்கிக்கொண்டார், குடையை நான் பிடித்தேன்.

ஆடி மாதம் தம்பியின் திவசம் வந்தது. உடல் கிடைக்காததால் இறந்த நாள் யாருக்கும் தெரியாது. அந்தப் பேப்பர் வெளிவந்த நாளின் திதியையே அன்ரி திவச நாளாக வைத்திருந்தார். ஐயர் தேதியைக் கேட்கும்போது, வருடா வருடம் அங்கிளின் வாயாலேயே அதைச் சொல்ல வைப்பார் என்று ஹட்டன் பிள்ளை எனக்குச் சொன்னாள். அவள் எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்தவள். அந்த வருடமும் அப்படித்தான் நடந்தது. ஐயர் நிமிர்ந்து பார்த்தார். அன்ரி, "இவரைக் கேளுங்கோ, இவருக்குத்தான் தெரியும்," என்றார். அங்கிள் சொன்னார்.

அன்ரியின் அக்காவும் அக்காவின் கணவரான அத்தானும் வந்திருந்தார்கள். ஐயர் போன பிறகு காகத்துக்கு வைத்து, இலை போட்டுச் சாப்பிட்டோம். நானும் ஹட்டன் பிள்ளையும் பரிமாறினோம். சாப்பிட்டு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது வடைத் தட்டு நடுவில் இருந்தது. எண்ணெய் உறிஞ்ச அதன் கீழே பழைய பேப்பர் விரித்திருந்தது. அக்காவின் கணவர் சிரிக்கப் பிரியமான மனிதர். ஒரு வடையை எடுத்துக்கொண்டு, "இதுக்குள்ள என்ன போட்டிருக்கு? சொல்லு பாப்பம், உன்ரை கதையைக் கேட்டுக் கனநாள்," என்றார்.

"இண்டைக்கு வேண்டாம்," என்றார் அக்கா.

அன்ரி குனிந்து வாசித்தார். "அரச ஊழியருக்கு நேர்மைப் பயிற்சி." ஒரு கணம் யோசித்தார். "எல்லாரும் வந்ததெண்டு கையெழுத்துப் போட்டவை. உண்மையாப் போனவன் ஒருத்தன்தான். கையெழுத்துப் போடாமல் போனபடியால் அவனை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள்."

அத்தானுக்குப் புரையேறியது. அக்காவும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அப்போது அங்கிள் கையை நீட்டினார்.

"நான் ஒண்டு சொல்லுறன்."

அவர் அந்த விளையாட்டில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இரண்டு வடைகளை ஒதுக்கிவிட்டு, எண்ணெயில் கண்ணாடி மாதிரி ஆகியிருந்த இடத்தில் வாசித்தார்.

"களனிப் பாலம் திருத்த வேலை பூர்த்தி."

அங்கிள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். செய்தி வாசிப்பது போலச் சொன்னார்.

"நல்லாத்தான் திருத்தினவை. முந்தின பாலத்தைவிட வலு நீளம். வத்தளையில இருந்து வெளிக்கிட்ட ஒருத்தன் பாதியில நிண்டு யோசிச்சான். நேர போனால் அக்கா வீடு. அங்க அவளின்ர வாய் இருக்கு. திரும்பினால் பொல்லோட காடையர். நல்லா யோசிச்சுப்போட்டு, ரெண்டும் வேண்டாம், பாலத்திலயே நடப்பமெண்டு முடிவெடுத்திட்டான். இன்னும் நடக்கிறான்."

அத்தான் வடையைத் தட்டில் திருப்பி வைத்தார். அக்கா, "ஐயோ, நீங்களும் ஒரு மனுசனோ?" என்றார். நான் அன்ரியைப் பார்க்கப் பயந்து வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்ரி சிரித்தார்.

வேடத்துக்குச் சிரிக்கவில்லை. தோள் குலுங்க, கண்ணால் தண்ணீர் வடிய, மூச்சு முட்டச் சிரித்தார். ஹட்டன் பிள்ளை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்து, அங்கிளைப் பார்த்து அன்ரி சொன்னார்:

"நல்லாயிருக்கு. கந்தோரில இருந்த காலம் முழுக்க வராதது இப்ப வந்திருக்கு."

தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். வடைகளை வேறு பாத்திரத்தில் போட்டு, அந்தத் தாளை அடுப்பில் செருகினார். எண்ணெய்த் தாள் என்பதால் சடசடவென்று எரிந்தது.

அடுத்த நாள் காலையில் அன்ரி எங்கள் சாப்பாட்டைத் தாளைப் பார்க்காமலே சுற்றினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. வெள்ளிக்கிழமை குசினி அலுமாரித் தட்டுகளைத் துடைத்துப் புதுத் தாள் விரித்தபோது பார்த்தேன். எல்லாம் சிங்களப் பேப்பர். அன்ரி கடைக்கார நானாவிடம் தானே போய்ச் சொல்லி வைத்து வாங்கியிருக்கிறார். அங்கிள் கொண்டு வந்து வைத்த கட்டுகள் படிக்குக் கீழே ஈரத்தில் கிடந்தன. ஒழுங்கையில் "போத்தல் பத்தர" என்று சிங்களத்தில் கூவிக்கொண்டு பழைய பேப்பர் வாங்க வந்தவனைக் கூப்பிட்டு அன்ரி அவற்றைத் தூக்கிப் போகச் சொன்னார்.

அங்கிளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு காலை, எனது பொட்டலத்தைச் சுட்டிக்காட்டி, "இதில என்ன போட்டிருக்குது தெரியுமோ?" என்று தொடங்கினார். முகத்தில் ஆசை தெரிந்தது. அவரே ஒரு பகிடியை யோசித்து வைத்திருந்தார் போல.

"தெரியாது," என்றார் அன்ரி. "பிள்ளைக்கு பஸ்ஸுக்கு நேரம் போகுது."

அந்த வீட்டில் நான் இருந்த மிச்சக் காலம் முழுவதும் அவர்களுக்குள் நடந்த மிக நீண்ட சம்பாஷணை அதுதான். அங்கிளின் உடுப்பு தோய்க்கப்பட்டது, கோப்பை நேரத்துக்கு நிரம்பியது, மருந்து மேசையில் இருந்தது. கூப்பிட வேண்டியிருந்தால் அன்ரி என்னிடமோ ஹட்டன் பிள்ளையிடமோ சொல்லுவார். "சாப்பிட வரட்டாம் எண்டு சொல்லு." அவர் பக்கத்து அறையில்தான் இருப்பார். நாங்கள் போய்ச் சொல்லுவோம். ஹட்டன் பிள்ளைக்கு அது தாங்கவில்லை. "திட்டுனாக்கூடப் பரவால்லக்கா, அப்பவாவது சாமி மாதிரி உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாரு," என்றாள். அவள்தான் அன்ரியின் பகிடிக்குச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனவள்.

நான் கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்குப் போய்விட்டேன். கனடாக்காரனை அல்ல. கூறைச்சீலை மட்டும் அதேதான். பூச்சி அரித்த இடத்தை மடிப்புக்குள் மறைத்து உடுத்தேன். சில வருடம் கழித்து, அங்கிளுக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார் என்று ஹட்டன் பிள்ளை போனில் சொன்னாள். நாட்டில் சண்டை அப்போதும் முடியவில்லை. ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் பஸ்ஸிலிருந்து இறங்கி, கைப்பையையும் அப்பிள் பையையும் திறந்து காட்டிக் காட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கிள் சுவரோரக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தார். படுக்கை சுத்தமாக இருந்தது. முகம் வழித்து, தலைக்கு எண்ணெய் வைத்திருந்தது. அன்ரி பக்கத்தில் இருந்து கரண்டியால் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அங்கிளின் நல்ல கண் விரிந்தது. வாயின் ஒரு பக்கம் அசைந்தது. "பி... பிள்...," என்று ஏதோ வந்தது. பிறகு அன்ரியின் பக்கம் திரும்பி, வேறெதையோ சொல்ல வாயெடுத்தார்.

அன்ரி கரண்டியை உள்ளே வைத்தார்.

"ஏதோ சொல்லப் பாக்கிறார் அன்ரி. சொல்லட்டும்."

"கஞ்சி ஆறிப்போகும். குடிச்சிட்டுச் சொல்லட்டும்."

ஒரு கரண்டி விழுங்கினார், மறுபடி வாயைத் திறந்தார். அடுத்த கரண்டி தயாராக இருந்தது. அன்ரி அவசரப்படவுமில்லை, ஒரு துளி சிந்தவுமில்லை. கோப்பை முடிந்தபோது ஈரத்துணியால் வாயை ஒற்றிவிட்டு, "இப்ப சொல்லுங்கோ," என்றார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நேரே அவரிடம் அன்ரி பேசியதை நான் கேட்டது அப்போதுதான்.

அங்கிள் யோசித்தார். நெற்றி சுருங்கியது. சொல்ல வந்தது போய்விட்டது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். அன்ரி சிறிது நேரம் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார், கையில் வெறும் கோப்பையோடு. பிறகு எழுந்து அவருடைய காலைப் போர்வையால் மூடிவிட்டார்.

படிவரை வந்து என்னை வழியனுப்பினார்.

"அடுத்த முறை வரேக்க அப்பிள் கொண்டு வராதை. அவருக்குக் கடிக்கேலாது. எனக்குப் பிடிக்காது."

"சரி அன்ரி."

"நீயும் நல்லா ஊதிப்போனாய். மனுசன் நல்லாப் பாக்கிறான் போல."

ஓம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஒழுங்கை முனையில் ஆமிக்காரன் ஐடென்டிகார்டைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். எங்கே போய் வருகிறாய் என்று சிங்களத்தில் விசாரித்தான். சொந்தக்காரர் வீடு, சுகமில்லாத ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். கார்டைத் திருப்பித் தந்தான். எனக்கு வெள்ளவத்தை பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.